மச்சான் எதைக் கொண்டுவரலாம்: ட்ரங்கிங் ஸ்கானரா, மடிக்கணினியில் செருகும் டொங்கிளா?

நல்லூர்த் திருவிழாவுக்கு மச்சான் கனடாவின் ஸ்காபுறோவில் இருந்து வருகிறான். மருமகனுக்கு என்ன கொண்டுவரட்டும் என்று போன மாதம் கேட்டான். மருமகன் என்றால் என் தங்கையின் மகன். புதுக்குடியிருப்பில் ஏ.எல். முடித்துவிட்டுத் தொலைத்தொடர்புதான் படிப்பேன் என்று நிற்கிறான். கிளிநொச்சியில் நான் வைத்திருக்கும் ரேடியோ, அம்ப் திருத்தும் கடைக்குப் பின்னேரங்களில் வந்து ஈயம் பற்றவைக்கப் பழகியவன். "மாமா, ஸ்கானர் ஒன்று இருந்தால் ட்ரங்கிங்கை நேரில் படிக்கலாம்" என்று அவன் சொன்னது மச்சானின் காதுக்கும் போய்விட்டது. ஸ்கானர் என்றால் வோக்கிப் பேச்சுகளைத் தேடிப் பிடித்துக் கேட்கிற ரேடியோ. ட்ரங்கிங் என்பது பல குழுக்கள் சில அதிர்வெண்களைப் பங்கிட்டுப் பேசுகிற முறை.

மச்சானிடம் பழைய யுனிடென் பிசிடி396எக்ஸ்டி ஸ்கானர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதைக் காசில்லாமல் தரலாம் என்றான். இப்போது அவன் பாவிப்பது எஸ்டிஎஸ்100 என்ற ஸ்கானர். அதே மாதிரிப் புதிது ஒன்றை வாங்கி வரவும் அவனுக்கு விருப்பம். மூன்றாவதாக நான் ஒன்றைச் சொன்னேன்: ஆர்டிஎல்-எஸ்டிஆர் டொங்கிள், யுஎஸ்பியில் செருகி மடிக்கணினியை ரேடியோ ரிசீவராக்குகிற விரல் நீளச் சாமான். இந்த மூன்றில் எது என்று மூன்று வாரம் வாட்ஸ்அப்பில் பேசினோம். வன்னியில் இருந்து இப்படி யோசிக்கிற வேறு பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ட்ரங்கிங் என்றால் என்ன என்பது தெரிய வேண்டும். அது தெரியாமல் விலையையும் அம்சங்களையும் ஒப்பிட்டுப் பயனில்லை. காலபோக அறுவடையை நினைத்துக்கொள்ளுங்கள். இரணைமடுவின் கீழ் ஐந்து வெட்டு மெசின் நிற்கிறது, வெட்டக் காத்திருக்கும் வயல்காரர் முப்பது பேர். ஆளுக்கொரு மெசின் என்றால் முப்பது மெசின் வேண்டும், அதில் முக்கால்வாசி எந்த நேரமும் சும்மா நிற்கும். ஆகவே நடுவில் ஒரு தரகர் இருக்கிறார். யாருக்கு வயல் காய்ந்ததோ அவர் தரகருக்குப் போன் எடுக்க, அந்த நேரம் சும்மா நிற்கிற மெசினை அவர் அனுப்பிவிடுவார். நாளைக்கு அதே வயலுக்கு வேறொரு மெசின் வரும்.

ட்ரங்கிங்கில் மெசின்தான் அதிர்வெண், வயல்காரர்தான் பேச்சுக் குழு, தரகரின் போன்தான் கட்டுப்பாட்டுச் சனல். ஒருவர் வோக்கியின் பொத்தானை அழுத்தியதும் அது கட்டுப்பாட்டுச் சனலில் இடம் கேட்கும். "இந்தக் குழு இந்த அதிர்வெண்ணுக்குப் போ" என்று கோபுரம் சொல்ல, அந்தக் குழுவின் வோக்கிகள் எல்லாம் ஒரு நொடிக்குள் அங்கே தாவும். பேச்சு முடிந்ததும் அந்த அதிர்வெண் வேறு குழுவுக்குப் போய்விடும். சாதாரண ஸ்கானர் ஒரு மெசினின் பின்னாலேயே ஓடுகிற பையனைப் போன்றது. அவனுக்கு இந்த வயலில் பாதி, அந்த வயலில் பாதி என்றுதான் கண்ணில் படும். ட்ரங்கிங் ஸ்கானர் தரகரின் போனை ஒட்டுக்கேட்டு, எங்கள் வயலுக்கு எந்த மெசின் வருகிறதோ அதன் பின்னால் போகும்.

இதை எனக்கு உறைக்க வைத்தது மச்சானின் 396தான். அவன் அதை வாங்கிய புதிதில், "துண்டு துண்டாகக் கேட்குது, ஒரு கதையும் முழுசாக வருதில்லை" என்று வீடியோவில் அழைத்தான். பார்த்தால், அந்த நகரத்து முறையின் எல்லா அதிர்வெண்களையும் சாதாரண சனல்களாக ஒவ்வொன்றாக அடித்து வைத்திருக்கிறான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலில் இருந்து தொடங்கினோம். அவனுக்குக் காலை, எனக்கு இரவு. இரண்டு நாள் எடுத்தது.

அந்தக் கருவியில் முதலில் சிஸ்டம் ஒன்றை உருவாக்கி அதன் வகையைச் சொல்ல வேண்டும்: மோட்டரோலா, எடாக்ஸ், எல்டிஆர், அல்லது பி25 என்ற டிஜிட்டல் முறை. வகை பிழைத்தால் மற்ற எல்லாமே பிழை. அதற்குக் கீழே சைட், அதாவது கோபுரம் அல்லது ஒன்றாக இயங்கும் கோபுரக் கூட்டம். சைட்டுக்குள் அதிர்வெண்கள். பி25 என்றால் கட்டுப்பாட்டுச் சனலாக வரக்கூடிய அதிர்வெண்களை மட்டும் கொடுத்தால் போதும், மற்றவற்றை அந்தச் சனலே சொல்லித் தரும். எடாக்ஸிலும் எல்டிஆரிலும் அப்படி இல்லை. அங்கே கோபுரம் "மூன்றாம் சனலுக்குப் போ" என்று இலக்கத்தைத்தான் சொல்லும், அதிர்வெண்ணைச் சொல்லாது. எந்த அதிர்வெண் எத்தனையாம் இலக்கம் என்ற ஒழுங்கு நாம் அடித்ததில் பிசகினால் கருவி வேறு எங்கேயோ போய் நிற்கும். கருவி பழுது என்று ஆட்கள் திருப்பிக் கொடுக்கிற இடங்களில் இதுவும் ஒன்று.

அடுத்தது பேச்சுக் குழுக்களின் இலக்கங்கள். இங்கே இரண்டு வழி இருக்கிறது. ஐடி ஸ்கான் என்று வைத்தால் நாம் அடித்துவைத்த குழுக்களை மட்டும் கேட்கும். ஐடி தேடல் என்று வைத்தால் அந்த முறையில் யார் பேசினாலும் நிற்கும், குழுவின் இலக்கம் திரையில் வரும். புதிய முறை ஒன்றைப் படிக்கிறவர் முதல் வாரம் தேடலில் விட வேண்டும் என்பதே என் அனுபவம். வருகிற இலக்கங்களைக் கொப்பியில் எழுதி, யார் எந்த நேரத்தில் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பார்த்து, பிறகு வேண்டியதைச் சேர்த்து, வேண்டாததைத் தவிர்ப்புப் பொத்தானால் தள்ளலாம். மச்சான் அந்தக் கொப்பியை இன்னும் வைத்திருக்கிறான். இந்த வேலைகளைக் கருவியின் சின்னப் பொத்தான்களில் செய்தால் விரல் நோகும். ஃப்ரீஸ்கான் என்ற இலவச மென்பொருளில் கணினியில் அடித்து, வயரால் ஏற்றுவது எவ்வளவோ சுகம்.

396இன் குறை, பி25இன் முதலாம் கட்டத்தோடு அது நின்றுவிடுகிறது. இரண்டாம் கட்டத்தில் ஒரே 12.5 கிலோஹேர்ட்ஸ் சனலை நேரத்தால் இரண்டாகப் பிரித்து இரண்டு பேச்சுகளை அனுப்புவார்கள். அது இந்தக் கருவிக்கு விளங்காது. இன்னொரு குறை, பல கோபுரங்கள் ஒரே அதிர்வெண்ணில் ஒரே பேச்சை ஒன்றாக அனுப்பும் இடங்களில் வருகிறது. ஒவ்வொரு கோபுரத்தின் அலையும் சிறிது முன்பின்னாக வந்து ஒன்றோடொன்று மோதும்போது, சிக்னல் பலமாக இருந்தும் குரல் கரகரத்து உடையும். 2018இல் வந்த எஸ்டிஎஸ்100 இந்தச் சிக்கலுக்காகவே உள்ளே வேறு விதமான ரிசீவரோடு செய்யப்பட்டது. மச்சான் மாறியதற்குக் காரணமும் அதுதான். மாறிய அன்றே வித்தியாசம் தெரிந்தது என்றான்.

எஸ்டிஎஸ்100இல் இன்னொரு வசதி, நாம் அடிக்கவே தேவையில்லை. அமெரிக்காவினதும் கனடாவினதும் முறைகள் எல்லாம் உள்ளே தரவுத்தளமாக இருக்கின்றன. தபால் குறியீட்டைக் கொடுத்தால் அல்லது ஜிபிஎஸ் பூட்டினால், அந்த இடத்தில் என்னென்ன கேட்கலாமோ அதைத் தானே எடுத்துக்கொள்ளும். விலை அமெரிக்க டொலரில் அறுநூறு, எழுநூறு. டிஎம்ஆர், என்எக்ஸ்டிஎன் போன்ற வேறு டிஜிட்டல் முறைகள் வேண்டுமென்றால் அதற்கு மேல் தனித்தனியாகக் காசு கட்டித் திறக்க வேண்டும். ஸ்காபுறோவில் இருக்கிற ஒருவருக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். அங்கேயும் எல்லாம் கேட்காது. ரொறன்ரோ பொலிசின் பேச்சு குறியாக்கம் செய்யப்பட்டது, எந்த ஸ்கானரும் அதைத் திறக்காது. கனடாச் சட்டப்படி கேட்டதை வெளியே சொல்வதும் பயன்படுத்துவதும் குற்றம். மச்சான் அதில் கவனமாக இருக்கிறவன், எனக்குக்கூட என்ன கேட்டேன் என்று சொன்னதில்லை.

இப்போது இந்த இரண்டு கருவிகளையும் புதுக்குடியிருப்பில் ஒரு வீட்டு விறாந்தையில் வைத்துப் பாருங்கள்.

எஸ்டிஎஸ்100இன் தரவுத்தளத்தில் இலங்கை என்று ஒரு பக்கமே இல்லை. எழுநூறு டொலரில் பெரிய பங்கு அந்தத் தரவுத்தளத்துக்கும் கோபுரக் கூட்டச் சிக்கலைத் தீர்ப்பதற்கும் கொடுக்கிற காசு. இரண்டும் இங்கே உதவாது. எல்லாவற்றையும் கையால் அடிக்கலாம், ஆனால் எதை அடிப்பது? உலகின் பல நாடுகளில் பாவிக்கிற டெட்ரா என்ற ட்ரங்கிங் முறையை 396ஓ எஸ்டிஎஸ்100ஓ விளங்கிக்கொள்ளாது. கைபேசிப் பேச்சு எந்த ஸ்கானருக்கும் வராது, வரவும் கூடாது. வோக்கிப் பேச்சில் மிஞ்சுவது பெரும்பாலும் பாதுகாப்புத் தரப்பினரின் அலைகள். அதன் பக்கம் போகவே கூடாது என்று மருமகனுக்கு முதல் நாளே சொல்லிவிட்டேன். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ், மற்றவருக்கான செய்தியை இடைமறித்துக் கேட்பது குற்றம். ரேடியோச் சாதனம் கொண்டுவரத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். இதைச் சின்ன எழுத்துப் பகுதியாக நினைக்கக் கூடாது. எங்கள் பகுதியில் இதுதான் முதல் கேள்வி.

சட்டத்தோடு இன்னொன்றும் இருக்கிறது. கையடக்க ஸ்கானர் பார்வைக்கு அச்சொட்டாக வோக்கி. எங்கள் வயதுக்காரருக்கு வோக்கியைக் கண்டால் எது நினைவு வரும் என்று நான் விளக்கத் தேவையில்லை. என் அம்மா இன்றைக்கும் அந்தக் கரகரப்புச் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து பார்ப்பா. இருபது வயதுப் பிள்ளை ஒருவன் அன்ரெனா நீட்டிய கறுப்புப் பெட்டி ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு ஏ9 வீதியால் போவதை நான் விரும்பவில்லை. அனுமதிப் பத்திரம் பையில் இருந்தாலும் அதைக் காட்டி விளக்கும் நேரம் அவனுக்கும் வீட்டாருக்கும் நல்ல நேரமாக இருக்காது. இதை மச்சானுக்குச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சரி, அது எனக்கு மறந்துபோச்சு" என்றான்.

டொங்கிளுக்கு வருகிறேன். இது முதலில் கணினியில் தொலைக்காட்சி பார்க்கச் செய்த சாமான். உள்ளே ரியல்டெக் ஆர்டிஎல்2832யூ என்ற சிப். 2012 அளவில், இந்தச் சிப் தான் பிடிக்கிற அலையைக் கச்சா எண்களாக அப்படியே கணினிக்குத் தரும் என்று கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு வானொலி படிக்கிறவர்களுக்கு இதைவிட மலிவான பள்ளிக்கூடம் வரவில்லை. ஏறக்குறைய 24 மெகாஹேர்ட்ஸில் இருந்து 1,700 மெகாஹேர்ட்ஸ் வரை பிடிக்கும். நல்லதொன்று முப்பது, நாற்பது அமெரிக்க டொலர்.

ஸ்கானருக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் விலை மட்டும் இல்லை. ஸ்கானர் ஒரு நேரத்தில் ஒரு பேச்சைத்தான் கேட்கும். டொங்கிள் 2.4 மெகாஹேர்ட்ஸ் அகலத்தை ஒரே தடவையில் எடுக்கிறது. முறையின் அதிர்வெண்கள் எல்லாம் அந்த அகலத்துக்குள் இருந்தால், எஸ்டிஆர்ட்ரங்க் போன்ற இலவச மென்பொருள் ஒரே டொங்கிளால் எல்லாப் பேச்சுகளையும் ஒன்றாகப் பின்தொடரும். அகலம் கூடினால் இரண்டாவது டொங்கிள் போடலாம். ஆனால் படிக்கிற பிள்ளைக்கு அதைவிடப் பெரியது, கட்டுப்பாட்டுச் சனல் கண் முன்னால் ஓடுவது. ஸ்கானர் "குழு இத்தனை" என்று முடிவை மட்டும் காட்டும். இங்கேயோ இடம் கேட்டது, இடம் கொடுத்தது, பக்கத்துக் கோபுரம் எது என்பதெல்லாம் வரிவரியாக வரும். தரகர் போனில் பேசுவதை எழுத்தில் வாசிக்கிற மாதிரி.

இங்கே கேட்கக்கூடிய ட்ரங்கிங் முறை இல்லாதபோது அது எப்படி ஓடும் என்று மருமகனும் கேட்டான். அவன் கேட்டது சரிதான். அதற்கு மாதிரிப் பதிவுகள் இருக்கின்றன. பி25, டிஎம்ஆர், டெட்ரா எல்லாம் எப்படி ஒலிக்கும், திரையில் எப்படித் தெரியும் என்று கற்பதற்காகவே இணையத்தில் போட்டிருக்கிறார்கள். மென்பொருளுக்கு அலை அன்ரெனாவில் இருந்து வந்தாலும் கோப்பில் இருந்து வந்தாலும் ஒன்றுதான். என் கடையில் இருக்கிற பழைய டொங்கிளில் அவன் ஒரு கிழமையாகச் செய்கிற வேலை இதுதான். பி25 கட்டுப்பாட்டுச் சனலின் வேகம் நொடிக்கு 9,600 பிட் என்று புத்தகத்தில் வாசித்ததை, அலையின் நான்கு படிகளாகத் திரையில் கண்டுவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். கையடக்க ஸ்கானர் ஒன்று இந்தச் சந்தோசத்தை அவனுக்குக் கொடுத்திருக்காது.

குறைகளையும் சொல்ல வேண்டும். டொங்கிள் தனியாக ஒன்றும் செய்யாது, மடிக்கணினி வேண்டும், அதுவும் கொஞ்சம் பலமானது. கறண்ட் போனால் 396 மூன்று பென்ரோர்ச் பற்றரியில் பல மணி நேரம் பாடும். மடிக்கணினியோ டொங்கிளோடு சேர்ந்து இரண்டு மணி நேரத்தில் படுத்துவிடும். பற்றரி என்றதும் ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் பென்ரோர்ச் பற்றரி வன்னிக்குள் வரக் கூடாத சாமானாக இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடல் சுற்ற, டைனமோவில் இருந்து வந்த கறண்டில் பிபிசி தமிழோசை கேட்டோம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும். நான் ரேடியோ திருத்தப் பழகியது அந்த டைனமோவின் மின்னழுத்தத்தைச் சமன் செய்யப் போய்த்தான். அதனால் எந்தக் கருவி எவ்வளவு கறண்ட் குடிக்கும் என்பது எனக்கு எப்போதும் முதலில் வருகிற கேள்வி. டொங்கிள் யுஎஸ்பியில் இருந்து 0.3 அம்பியர் அளவு எடுக்கும், அது பெரிதில்லை. மடிக்கணினிக்குத்தான் வழி செய்ய வேண்டும். வீட்டில் சோலார் தட்டும் 12 வோல்ட் பற்றரியும் இருந்தால் போதும், மருமகன் வீட்டில் இருக்கிறது.

வெயில் அடுத்த சிக்கல். பங்குனி, சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே மலிவு டொங்கிளை ஓடவிட்டால், சூடேற அதிர்வெண் நகரும். எனது முதல் டொங்கிள் மத்தியான நேரத்தில் காலையில் இருந்த இடத்தில் இருக்கவே இல்லை. அரை நாள் மென்பொருளைக் குற்றம் சொன்னேன். டிஜிட்டல் முறைகளுக்கு இந்த நகர்வு கூடாது. வெப்பத்தைச் சரிக்கட்டும் படிகம் உள்ளே இருக்கிற, ஒரு பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) துல்லியம் என்று எழுதியிருக்கிற, உலோகக் கூடு போட்ட டொங்கிளையே வாங்குங்கள். விலை வித்தியாசம் சிறிது.

அப்புறம் பதிவுகளின் அளவு. முழு 2.4 மெகாஹேர்ட்ஸையும் 16 பிட்டில் பதிந்தால் நிமிடத்துக்கு 576 எம்பி போகும். ஒரு சனலை மட்டும் 50 கிலோஹேர்ட்ஸ் அகலத்தில் பதிந்தால் நிமிடத்துக்கு 12 எம்பிதான். மருமகன் முதல் நாள் முழு அகலத்தில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போய் வன்தட்டை நிரப்பினான்.

இடையில் மச்சான் நான்காவதாக ஒன்றையும் கேட்டான், பிசி125ஏடி என்ற சாதாரண ஸ்கானர். நூறு டொலரைச் சுற்றிய விலை, 500 சனல், இரண்டு பற்றரி, ட்ரங்கிங்கும் டிஜிட்டலும் இல்லை. நல்ல கருவி, ஆனால் ட்ரங்கிங் படிக்க வந்தவனுக்கு அதில் ஒன்றும் இல்லை. வோக்கி உருவமும் அப்படியே இருக்கிறது. அதோடு அந்தப் பேச்சை விட்டோம்.

ஆகவே டொங்கிள் என்று முடிவெடுத்தோம். ஒன்றல்ல, இரண்டு. 396 ஸ்காபுறோவிலேயே இருக்கட்டும், அங்கே அதற்கு இன்னும் வேலை இருக்கிறது. மருமகன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனால், போகிற ஊரில் என்ன அலை இருக்கிறது என்று பார்த்து அன்றைக்கு ஸ்கானர் வாங்கலாம். ஓரிடத்துக்கு வாங்கிய ட்ரங்கிங் ஸ்கானர் இன்னோரிடத்தில் பாதிக் கருவி. டொங்கிளை எந்த ஊருக்கும் கொண்டுபோகலாம், மென்பொருளை மாற்றினால் போதும்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. உருவம் வேறு என்பதால் சட்டம் வேறாகாது. வெறும் ரிசீவர்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று விடாமல், சாமான் வர முதலே ஆணைக்குழுவுக்கு எழுதச் சொன்னேன். மருமகனே எழுதினான்: என்ன சாதனம், எதற்கு, எந்த எந்த அலைகள். 137.9 மெகாஹேர்ட்ஸில் மெற்றியோர் வானிலைச் செயற்கைக்கோளின் படங்கள், 145.8இல் சர்வதேச விண்வெளி நிலையத்தின் அமெச்சூர் ஒலிபரப்பு, அமெச்சூர் வானொலி (உரிமம் எடுத்துப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்களின்) அலைகள். அமெச்சூர் உரிமத்துக்கான பரீட்சையை நடத்துவதும் அதே ஆணைக்குழுதான். அதற்கும் விண்ணப்பிக்கப் போகிறான். அது கிடைத்தால் கேட்பதோடு நிற்காமல் பேசவும் செய்யலாம்.

வானிலைப் படம் என்றதும் அவன் அம்மாவுக்கும் இதில் விருப்பம் வந்துவிட்டது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் கரை ஏறிய இரவு, போனும் இல்லாமல் கறண்டும் இல்லாமல் இருந்தவ அவ. தலைக்கு மேலே போகிற செயற்கைக்கோளில் இருந்து முகில் படத்தை வீட்டுக் கூரையிலேயே பிடிக்கலாம் என்று மகன் சொன்னபோது, இதை முதலே சொல்லியிருந்தால் நானும் மச்சானிடம் கேட்டிருப்பேன் என்றா.

அன்ரெனா வாங்கவில்லை. கடையில் கிடந்த பழைய அலுமினியக் கம்பியில் 53.4 சென்ரிமீற்றர் நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி, இடையில் 120 பாகை விரித்து, பிளாஸ்ரிக் கட்டையில் திருகியிருக்கிறோம். சாமான் வரும்வரை அது கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் வடக்குத் தெற்காக நிற்கிறது. நேற்று மச்சானுக்கு அனுப்பிய கடைசிச் செய்தி: டொங்கிள் இரண்டு, அன்ரெனா வயருக்கு எஸ்எம்ஏ இணைப்பு நாலு, நல்ல யுஎஸ்பி நீட்டு வயர் ஒன்று. பதில் கடிதம் ஆணைக்குழுவில் இருந்து வந்த பிறகுதான் பெட்டியில் வை.